இரண்டரை கிக் மோடமும் நான் தைத்த உறையும்

1

புலம்பெயர்ந்தவர்கள் என்றால் ஊரில் உங்களுக்கெல்லாம் கனடாவும் சிங்கப்பூரும்தான் ஞாபகத்துக்கு வரும். நாங்கள் செங்கோட்டை தாண்டி ஒரு பகல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை, முத்திரை குத்தவில்லை. ஆனாலும் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இறங்கி, பஸ் பலகையை வாசிக்கத் தெரியாமல் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோமே, அந்த நிமிஷத்திலேயே நாங்களும் வெளிநாட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம். இந்த ஆனியோடு பதினாறு வருஷம்.

பிழைக்க வழியில்லாமல் வந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கரன்கோவிலில் வீட்டுக்காரருக்குத் தறிக் கொட்டகையில் நல்ல வேலை இருந்தது. எனக்குத் தையல் இருந்தது. வந்தது எங்கள் மகள் கோமதிக்காக. ஒன்றரை வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது இறங்கும்போது காதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. கேளாத பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரத்தில் நல்ல பள்ளிக்கூடம் உண்டு, அதற்கு மேல் கல்லூரியும் உண்டு என்று ஒருவர் சொன்னார். தையல் மிஷினைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்காரர் மாரியப்பன் பழவங்காடிப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் இருக்கிறார். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். கோட்டைக்குள் இருக்கிற மாமிகள் பாதிப் பேருக்கு என் கை அளவுதான் சரிப்படும். என் பெயர் முப்பிடாதி. இந்த ஊரில் ஒருத்தர் வாயிலும் அது நுழையாது. சேச்சி என்று கூப்பிட்டு முடித்துக்கொள்வார்கள்.

இப்போது இதை எழுத உட்கார்ந்தது ஒரு மோடத்தால். இன்டர்நெட்டுக்கு வீட்டு மூலையில் வைப்பார்களே, அந்தப் பெட்டிதான். அதைப் புதிதாக மாற்றப்போய், கோமதியின் வேலைக்கே நான் உலை வைக்கப் பார்த்தேன். நூலிழையில் தப்பினோம்.

2

உங்கள் பிள்ளைகளோடு வீடியோவில் பேசும்போது படம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? "படம் நின்னுட்டு, குரல் வருது, நீ பேசு" என்பீர்கள். கோமதிக்குப் படம்தான் குரல். கை அசைவது தெரிந்தால்தான் அவள் பேசுகிறாள். படம் உறைந்தால் அவள் வாயை யாரோ பொத்தின மாதிரி.

அவள் கணினியில் படம் வரையப் படித்தவள். போன வருஷம் ஒரு கம்பெனியில் வீடியோவில் நேர்காணல் வைத்தார்கள். சைகையைப் பேச்சாக்கிச் சொல்ல ஒரு பெண்ணையும் இணைத்திருந்தார்கள். நான் கதவுப் பக்கம் நின்று பார்த்தேன். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், எதிரே ஒருவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார், இன்னொருவர் நெற்றியைச் சுருக்குகிறார். அங்கே அவர்களுக்குத் தெரிந்தது அந்தரத்தில் நின்றுபோன இரண்டு கைகள் மட்டும்தான். அவள் சொன்ன நல்லதெல்லாம் எங்கள் வீட்டு ஜன்னலைத் தாண்டவில்லை. பிறகு தெரிவிக்கிறோம் என்றார்கள். தெரிவிக்கவே இல்லை. கோமதி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அதைப் பார்ப்பது கொடுமை.

இந்த வருஷம் பெங்களூர் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. குழந்தைகளுக்குப் படப் பாடங்கள் செய்கிறவர்கள். நேர்காணல் நடக்கும்போதே அவள் வரைய வேண்டும், வரைகிற திரையும் அவர்களுக்குத் தெரிய வேண்டும், கையும் தெரிய வேண்டும். வீட்டு லைன் இவ்வளவு தாங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது பழைய கேபிள் மோடம். வருகிறது எல்லாம் ஓடி வரும், நாம் அனுப்புவது மட்டும் ஊசி முனையில் நூல் கோக்கிற மாதிரி போகும். கோமதி என் முன்னால் வந்து நின்று, மோடத்தைக் காட்டி, கழுத்தை அறுக்கிற மாதிரி கையை இழுத்தாள். அது செத்தது, மாற்று என்று அர்த்தம்.

3

கேபிள் ஆபீஸில் ஒரு பெண் இருந்தாள். கோமதி வயதுதான் இருக்கும்.

"சேச்சி, கணெக்ஷன் ஹவுஸ் ஓனரோட பேரில் ஆணல்லோ. புது மோடம் வேணமெங்கில் புள்ளி வந்து ஒப்பிடணும்."

ஓனர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டு ஓனர் மஸ்கட்டில் இருக்கிறார். அப்படியானால் உங்கள் பேருக்கு மாற்றுங்கள், ஆதாரைக் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள்.

"இது சங்கரன்கோவில் அட்ரஸா? இவிடத்தெ அட்ரஸ் வேணம், சேச்சி."

எனக்கு வந்ததே கோபம். "பதினாறு வருசமா இந்த ஊர் மழையில நனையுதேன், இந்த ஊர் தண்ணியக் குடிக்கேன். இவிடத்தெ ஆளு இல்லாம பின்ன நான் யாரு மோளே?" என்று பாதி தமிழும் பாதி மலையாளமுமாகக் கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பாவம், சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல், "ஞான் எந்து செய்யான்?" என்று கையை விரித்தாள்.

அவள்மேல் குற்றமில்லை. ஆதாரையும் ரேஷன் கார்டையும் ஓட்டையும் ஊரிலேயே வைத்துக்கொண்டு இங்கே வாழ்கிற எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர். தேர்தல் என்றால் பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவோம். விலாசத்தை மாற்றினால் ஊர் நம்மை விட்டுப் போய்விடும் என்று ஒரு பயம். பேருக்கு ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறோம்.

கடைசியில் கோமதியின் அட்டைதான் கை கொடுத்தது. காது கேளாதவர் என்று அரசாங்கம் கொடுத்த அடையாள அட்டை, ஆதார், எல்லாமே அவளுக்கு இந்த ஊர் விலாசம். படிப்பதற்காக எடுத்தது. எங்கள் வீட்டில் இந்த ஊர்க்காரி அவள் ஒருத்திதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இணைப்பு அவள் பேருக்கு மாறியது. வீட்டுக்கு வந்து சொன்னதும் மாரியப்பன், "அப்ப இனிமே நாம அவ வீட்டுல வாடகைக்கு இருக்கோம்னு சொல்லு" என்றார்.

4

நேர்காணலுக்கு முந்தின வாரம் புது மோடம் வந்தது. கொண்டுவந்தவன் ஷிபு, எல்லையோரத்துப் பாறசாலைக்காரன். தமிழும் மலையாளமும் கலந்து அடிப்பான், நமக்கு வசதி.

"சேச்சி, இது ரெண்டு கிக் பிளான், கிக்குன்னா ஸ்பீடு கணக்கு. பழைய மோடம் இதைத் தாங்காது, கேட்டோ. பின்னால இந்த போர்ட் பாத்தீங்களா? இதுல ரெண்டரை கிக் வரைக்கும் போகும். மோளோட கம்ப்யூட்டர்ல வயர் நேரா குத்தணும், வைஃபை வேண்டாம்."

"ரெண்டரையா! அவ்வளவு எதுக்குடே எங்களுக்கு?" என்றார் மாரியப்பன்.

"இங்கேருந்து மேல போறதும் கூடும் அண்ணாச்சி. அதல்லே மோளுக்கு வேண்டியது?"

பழையதைவிட இரண்டு மடங்கு உயரம். கறுப்பாக, பக்கவாட்டில் சல்லடை மாதிரி துளைகளோடு இருந்தது. நெற்றியில் ஒரு நீல விளக்கு. "நீலம் மினுங்கிட்டு இருந்தா டேட்டா போகுதுன்னு அர்த்தம்" என்று ஷிபு சொன்னான். கோமதி தன் தோழியைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசுகிற மாதிரி இருந்தது படம். விரல் நுனி அசைவது வரை தெரிந்தது. கோமதி எழுந்து என்னைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மறுநாளே ஒரு சங்கடம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. விளக்கு மினுங்கினால் யாரோ கூப்பிடுகிறார்கள். வாசலில் பெல்லை அழுத்தினால் சத்தம் வராது, ஒவ்வொரு அறையிலும் ஒரு பல்பு மினுங்கும். நான் அடுப்படியிலிருந்து அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் அறை லைட் சுவிட்சை இரண்டு தட்டுத் தட்டுவேன். சின்ன வயதிலிருந்து பழக்கம், கண்ணோரத்தில் வெளிச்சம் துடித்தால் அவள் தலை தானாகத் திரும்பிவிடும். இந்த நீல விளக்கு அவள் மேஜைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஓயாமல் மினுங்கியது. வரைந்துகொண்டிருக்கும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நேர்காணலில் இப்படித் திரும்பினால் கவனமில்லாத பெண் என்று நினைப்பார்கள் அல்லவா?

அதற்கென்ன, நான் டெய்லர். பழைய மோடத்துக்கும் நான் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தேன். மிக்ஸிக்கு உண்டு, தையல் மிஷினுக்கு உண்டு, டிவி ரிமோட்டுக்கும் உண்டு. அன்று மத்தியானமே அளவெடுத்தேன். வெளிச்சம் கசியக் கூடாது என்று லைனிங் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, மெரூன் பட்டுத் துண்டில், ஓரத்துக்குப் பைப்பிங் கொடுத்துத் தைத்தேன். வயர் வெளியே வர மட்டும் ஒரு காஜா. போட்டுப் பார்த்தால் ரவிக்கை மாதிரி கச்சிதமாக இருந்தது. கோமதி கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

5

அன்று சாயங்காலமே லைன் அறுந்தது.

தோழியோடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, உள்ளங்கையை விரித்து மூடிக் காட்டினாள். போயிற்று. கொஞ்ச நேரத்தில் தானாக வந்தது. இரவும் அறுந்தது. மறுநாள் காலையில் அறுந்தது. பழைய மோடம் சொத்தையானாலும் ஒருநாளும் இப்படிச் செத்துப் பிழைத்ததில்லை.

ஷிபுவைக் கூப்பிட்டேன். அவன் வருகிறான் என்றதும், விளக்கைப் பார்க்க வேண்டுமே என்று உறையைக் கழற்றி மடித்துத் தையல் மேஜையில் வைத்தேன், பெட்டியையும் துடைத்தேன். வந்தான், மீட்டரை வைத்தான், லாப்டாப்பைக் குத்தினான்.

"லைன் பக்கா, சேச்சி. ஒரு குழப்பமும் இல்ல."

"அப்ப எங்க மேல குழப்பமா?"

"அய்யோ, அப்படியில்ல. இதா பாருங்க, ஸ்பீடு ரெண்டு கிக் வருதல்லே?"

வரத்தான் செய்தது. அவன் இருக்கிற வரைக்கும் ராஜா மாதிரி ஓடியது. அவன் போனான், நான் உறையைப் போட்டேன், மத்தியானம் அறுந்தது. மறுபடி வந்தான். தெருக் கம்பத்தில் ஏறி முனையை மாற்றினான். மொட்டை மாடியில் அணில் வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்த்தான். மோடத்தையே மாற்றி வேறொன்று வைத்தான். அளவு ஒன்றுதான், என் உறை அதற்கும் கச்சிதமாகப் பொருந்தியது. அதுவும் அறுந்தது.

நான் ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சண்டை போட்டேன். மழை மேல் சந்தேகப்பட்டேன். மாடிக்காரர்கள் மேல் சந்தேகப்பட்டேன். என் வாய்க்கு வந்ததையெல்லாம் அந்தக் கேபிள் கம்பெனி வாங்கிக் கட்டிக்கொண்டது. மாரியப்பன் தினமும் கடை திறக்கப் போகும்போது பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போனார். அங்கே எதைத் தொடங்கினாலும் தேங்காய் உடைப்பார்கள், வீட்டு வேலைக்கும் வண்டிக்கும் கல்யாணத்துக்கும். மோடத்துக்கு உடைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"வெக்கமா இல்லையா, மோடத்துக்குப் போய்த் தேங்கா ஒடைக்கியளே" என்றேன்.

"நான் மோடத்துக்கா ஒடைக்கேன்? எம் மவளுக்கு ஒடைக்கேன்" என்றார்.

6

அந்த வாரம் முழுக்கக் கோமதி என்னோடு சரியாகப் பேசவில்லை. பயத்தில் இருந்தாள். அவள் பயந்தால் கோபம் மாதிரி இருக்கும், என்னைக் கொண்டு பிறந்தவள்.

எங்களுக்குள் இருக்கிற தூரத்தையும் சொல்ல வேண்டும். இவளைத்தான் படிக்க வைக்க வந்தோம், படித்தாள், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். தமிழ் எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. எனக்கோ தமிழ் எழுத்து மட்டும்தான். ஆகவே நான் எழுதினால் அவளுக்குப் புரியாது, அவள் எழுதினால் எனக்குப் புரியாது. தாய்க்கும் மகளுக்கும் நடுவே ஒரு துண்டுச் சீட்டுகூடச் செல்லாது. கை மட்டும்தான்.

அந்தக் கையும் ஒன்றில்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் நாங்களே கண்டுபிடித்த சைகைகள் உண்டு. தோளில் துண்டு போட்டால் அப்பா. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. இரண்டு கையையும் கோபுரமாகக் குவித்தால் ஊர். விரல்களை மழையாக இறக்கினால் திருவனந்தபுரம், நாங்கள் வந்து இறங்கிய அன்று கொட்டு கொட்டென்று கொட்டியது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முறையான சைகை மொழி வந்தது. தோழிகளோடு அவள் பேசும்போது விரல்கள் தறிநாடா மாதிரி ஓடும், எனக்குப் பாதி பிடிபடாது. கற்றுக்கொள்ளவும் போனேன். அவள் பொறுமையாகத்தான் சொல்லித் தந்தாள், என் விரல்தான் முரண்டு பிடித்தது.

ஒரு தடவை அவள் சிநேகிதிகள் வந்திருந்தபோது, சாப்பிட வாருங்கள் என்று எங்கள் வீட்டுச் சைகையில் கூப்பிட்டேன். அவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். கோமதி என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். எல்லாரும் போன பிறகு சொன்னாள், அது மொழி இல்லை அம்மா, நம் வீட்டு விளையாட்டு, வெளியாட்கள் முன்னால் வேண்டாம். நியாயம்தான். உங்கள் பிள்ளைகள் ஊர்ப் பேச்சை ஊருக்கு வெளியே பேசாதே என்று உங்களைக் கிள்ளுவதில்லையா? ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

7

நேர்காணல் நாள். மாரியப்பன் லீவு கேட்டார், கிடைக்கவில்லை. தேங்காயை உடைத்துவிட்டுக் கடைக்குப் போனார். நான் வாசல் பெல் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன், எந்த மாமியும் வந்து பல்பை மினுங்க வைத்துவிடக் கூடாது. ஷிபுவை வந்து பக்கத்தில் நிற்கச் சொன்னேன். கழக்கூட்டம் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும், ஹைவேயில் வண்டி நகரவில்லை என்றும் சொன்னான். கோமதிக்கு நானே தைத்த சட்டை. ஒரே வண்ணம், பூ எதுவும் இல்லை. கை பேசும்போது பின்னால் பூ இருந்தால் கண் குழம்பும்.

தொடங்கியது. திரையில் இரண்டு பேர், இன்னொரு கட்டத்தில் சைகையைப் பேச்சாக்குகிற பெண். நான் கேமராவில் விழாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். கோமதி வரைந்தாள், நடுநடுவே நிறுத்திப் பேசினாள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். ஈஸ்வரி, சங்கரன்கோவில் கோமதித் தாயே, இப்படியே கொண்டுபோ என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, படம் நின்றது.

மூன்று முகமும் பாதிச் சிரிப்பில் உறைந்தன. கோமதியின் கை காற்றில் நின்றது. அவள் போனில் ஒரு செய்தி வந்தது, அந்தச் சைகைப் பெண் அனுப்பியது. கோமதி என் பக்கம் திரும்பி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிறு இடைவெளி காட்டினாள். கொஞ்ச நேரம் காத்திருப்பார்களாம். அடுத்த ஆள் தயாராக இருக்கிறாராம்.

நான் ஷிபுவுக்குப் போன் போட்டுக் கத்தத் தொடங்கினேன். கோமதி என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மோடத்துக்குப் போனாள். அவளுக்கு எந்த மிஷினையும் கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கம். மிக்ஸி ஓடுகிறதா, மோட்டார் தண்ணீர் இழுக்கிறதா, எல்லாமே அவளுக்கு உள்ளங்கையில்தான் தெரியும். உறைக்கு அடியில் கையை விட்டாள். சுரீரென்று இழுத்துக்கொண்டாள்.

பிறகு உறையைப் பிய்த்து எறிந்தாள். நான் பக்கத்தில் போய்த் தொட்டேன். தோசைக்கல். பக்கவாட்டில் இருந்த துளைகள் எதற்கு என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அது மூச்சு விடுகிற வழி. பழையது சின்ன மோடம், சூடாகாது, எந்தச் சட்டையையும் போட்டுக்கொண்டு கிடக்கும். இது இரண்டரை கிக். நான் இரண்டு மடிப்பு லைனிங் வைத்து, பைப்பிங் கொடுத்து, அதன் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். ஷிபு வரும்போதெல்லாம் நானே கழற்றி வைத்துவிட்டு, அவன் போனதும் நானே போட்டிருக்கிறேன். ஒரு வாரமாக ஊரையெல்லாம் திட்டினேனே, பாவி, கை என் கை.

கோமதி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்ட நேரமில்லை. நான் ஓடிப்போய்த் தையல் அறையிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தேன், இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கில் குத்தினேன், முழு வேகத்தில் மோடத்தின் முகத்துக்கு நேராக வைத்தேன். ஒரு விளக்கும் வரவில்லை. பிறகு பச்சை வந்தது, நிலைத்து நின்றது. அம்புக்குறி மினுங்கியது, மினுங்கியது, நிற்கவே இல்லை. கோமதி நகத்தைக் கடித்தாள். போச்சு, எல்லாம் போச்சு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

நீலம் வந்தது.

கோமதி நாற்காலியில் பாய்ந்து உட்கார்ந்தாள். திரையில் மூன்று முகமும் அசைந்தன, காத்திருந்திருக்கிறார்கள். நான் மோடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தேன். எடுக்கவே இல்லை. ஒன்றரை வயதில் அவள் நெற்றியில் வைத்திருந்த கை இது. சூடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அதே பதற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. இந்தத் தடவை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகாமல் இறங்கியது.

அவர்களில் ஒருவர் ஏதோ கேட்டார். சைகைப் பெண் அதைக் கோமதிக்குச் சொன்னாள். கோமதி ஒரு கணம் தயங்கினாள். பிறகு கையை உயர்த்தி மூக்கின் ஓரத்தைத் தொட்டாள்.

சைகைப் பெண் தலையைச் சாய்த்தாள், அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும், அது எங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள சொல். கோமதி திரும்பவும் மூக்கைத் தொட்டாள், அழுத்தமாக. அப்புறம் கேமராவைப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டாள். கழுத்தில் அளவு டேப், அவிழ்ந்த கொண்டை, ஒரு கை மோடத்தின் மேல், முகத்தில் ஃபேன் காற்று. இந்தக் கோலத்தில் பெங்களூர்க்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. ஒரு வணக்கம் வைத்தேன், அதுவும் ஒற்றைக் கையால்.

சாயங்காலம் கேட்டேன், அப்படி என்னதான் கேட்டார்கள்? யார் சரிசெய்தது என்று கேட்டார்களாம். கெடுத்ததும் நான்தானே, அதையும் சொல்ல வேண்டியதுதானே என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு மூக்கின் ஓரத்தைத் தொட்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் ஷிபு வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "சேச்சி, ஞான் கம்பத்துல ஏறினது எத்தர தடவை!" என்றான். அவனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன், மூச்சு விட இடம் வைத்து.

8

வேலை கிடைத்துவிட்டது. இவ்வளவு பாடும் எதற்கு என்று நாங்கள் மூன்று பேரும் சரியாக யோசிக்கவில்லை போலிருக்கிறது. வேலை பெங்களூரில். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. நாங்கள் ஊரை விட்டு வந்தபோது ஊரில் இருந்தவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று பஸ் நிலையத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் கையசைப்பதை நிறுத்தவில்லை, பஸ் மறைந்த பிறகும்.

தினமும் வேலை முடிந்து வந்து கூப்பிடுகிறாள். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டுச் சைகையிலேயே பேசுகிறாள். பக்கத்தில் அறைத்தோழி இருந்தாலும் பேசுகிறாள். இணைப்பு அவள் பேரில்தான் ஓடுகிறது. இந்த வீட்டில் இந்த ஊர் விலாசம் உள்ள ஒரே ஆள் இந்த ஊரில் இல்லை.

மோடம் இப்போது உறை இல்லாமல் மூலையில் நிற்கிறது. வீட்டில் யாரும் நெட் பார்க்காதபோதுகூட அந்த நீல விளக்கு மினுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது மாரியப்பன், "ஏட்டி, காத்துப் போற மாதிரி லேசா ஒரு துணியாவது தொங்கவிடேன், கண்ணக் கூசுது" என்றார்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.

மிஷினில் குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருப்பேன். கண்ணோரத்தில் அது துடிக்கும். ஒன்றுமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஊசியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பி, அவள் உட்காருகிற நாற்காலியைப் பார்த்துவிடுகிறேன்.